மல்லாந்து படுத்தபின் எந்தக் கார்டு?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸு வகுப்பு முடிந்து, உருள்வதற்கு விரித்திருக்கும் மெத்தையை, அதாவது மேட்டை (mat), துடைத்துக்கொண்டிருந்தோம். ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வந்து, அப்படியே எங்கள் வகுப்புக்கும் வரும் தம்பி ஒருவன் துடைப்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அண்ணா, நான் எந்தக் கார்டு விளையாடணும்? யூட்யூப்ல பாத்தா நாப்பது இருக்கு." பக்கத்தில் விரல்களில் சுற்றிய டேப்பை உரித்துக்கொண்டிருந்த அல்சூர் அக்கா நிமிர்ந்து பார்த்தார். வங்கி வேலை, நீல பெல்ட் (வெள்ளைக்கு அடுத்த படி), எங்கள் எல்லாரையும்விடப் பொறுமைசாலி. "அந்த நாப்பதுல ஒண்ணக்கூட உருப்படியா பிடிக்கத் தெரியாம மூணு வருஷம் ஓட்டினவ நான். அவசரப்படாதே" என்றார். தம்பி விடவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி மெட்ரோவுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்குச் சொல்லி முடிக்காததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. நம் ஊர் மல்யுத்தத்தில் முதுகு மண்ணில் பட்டால் கதை முடிந்தது. பெங்களூரின் பழைய பேட்டைப் பகுதியில் இருந்த குஸ்திக் கூடங்களிலும், மைசூர் தசரா குஸ்தியிலும் அதே விதிதான். அந்தக் கூடத்தைக் கன்னடத்தில் 'கரடி மனெ' என்பார்கள். கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரேசிலியன் ஜியு-ஜிட்ஸுவில் முதுகு தரையில் பட்ட பிறகுதான் பாதி ஆட்டமே தொடங்குகிறது. கீழே கிடப்பவனின் கால்கள் அவனுக்கும் எதிராளிக்கும் நடுவில் இருக்கும்வரை அவன் தோற்கவில்லை. அந்த நிலைதான் கார்டு. மேலே இருப்பவன் கால்களைத் தாண்டிப் பக்கவாட்டில் வந்து அமுக்கிவிட்டால் அது பாஸ், அவனுக்கு 3 புள்ளி. கீழே இருப்பவன் புரட்டிப்போட்டு மேலே வந்தால் அது ஸ்வீப், 2 புள்ளி. கழுத்தையோ மூட்டையோ பிடித்து, தோல்வியை ஒப்புக்கொண்டு எதிராளியைத் தட்ட வைத்துவிட்டால் புள்ளிக் கணக்கெல்லாம் வேண்டாம், ஆட்டம் அத்துடன் சரி.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் சொல்பவனின் உடம்பைப் பார்த்துத்தான் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். வயது 41, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், எடை 68 கிலோ, இடது முழங்காலில் பழைய தசைநார்க் காயம், பகலெல்லாம் கீபோர்டு. ஆறு வருடமாக உருள்கிறேன் (பயிற்சிச் சண்டையை அப்படித்தான் சொல்வோம்), நீல பெல்ட். பதக்கம் எதுவும் கிடையாது. மேட்டில் என்னைவிடப் பெரியவர்களுக்கு அடியில் கிடந்த அனுபவம் மட்டும் ஏராளம்.

தம்பியின் கேள்விக்குள் போகுமுன் ஒரு சின்னக் கணக்கு. வாரத்துக்கு மூன்று வகுப்பு. வகுப்புக்கு நான்கு சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். வாரத்துக்கு மொத்தம் ஒரு மணி நேரம் உருளல். அதில் பாதி நேரம் மேலே இருப்போம், பாதி நேரம் கீழே. கீழே இருக்கும் அரை மணியிலும் பாதி, கார்டு உடைந்துபோய் யாரோ ஒருவரின் நெஞ்சுக்கு அடியில் மூச்சுக்குத் தவிப்பதில் போய்விடும். ஆக, உண்மையாகக் கார்டில் இருப்பது வாரத்துக்குக் கால் மணி நேரம். ஆறு மாதத்துக்கு 26 வாரம் என்றால் ஆறரை மணி நேரம். சில்க் போர்டு சிக்னலில் இதைவிட அதிக நேரம் நின்றிருக்கிறேன். இந்த ஆறரை மணி நேரத்தை நாற்பது கார்டுக்குப் பங்கு போட்டால் ஒன்றுக்குப் பத்து நிமிடம்கூடத் தேறாது. அதனால்தான் தேர்வு. ஒன்றை எடுத்தால் மற்றது அழகாக இல்லை என்று அர்த்தமில்லை, நேரம் இல்லை என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் எல்லாரும் கேட்பது "எந்தக் கார்டுல நிறைய சப்மிஷன் இருக்கு?" என்றுதான். எதிராளியைத் தட்ட வைக்கும் பிடிதான் சப்மிஷன். நான் கேட்கச் சொல்வது இரண்டு வேறு கேள்விகள். அந்த நிலையில் எதிராளியை அசையாமல் பிடித்துவைக்க உன்னால் முடிகிறதா? அது உடைந்தால் நீ எங்கே போய் விழுவாய்? இரண்டாவது கேள்வியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நாலு வருடம் விழுந்துதான் தெரிந்துகொண்டேன்.

குளோஸ்டு கார்டிலிருந்து தொடங்குவோம், எல்லா வகுப்பிலும் முதலில் சொல்லித்தருவது அதைத்தான். எதிராளி முழங்காலிட்டு இருக்கிறான். நீ மல்லாந்து, இரண்டு கால்களையும் அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக் கணுக்கால்களைப் பின்னிக்கொள்கிறாய். பார்த்தால் பத்திரமான இடம்போல் இருக்கும். பாதி உண்மை.

எங்கள் வகுப்பில் முன்னாள் கபடி ஆட்டக்காரர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட 25 கிலோ கூடுதல், தொடை ஒவ்வொன்றும் என் இடுப்பளவு. முதல் வருடம் அவரைக் குளோஸ்டு கார்டில் போட்டபோதெல்லாம் நடந்தது இதுதான்: அவர் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் என் இடுப்பெலும்பில் ஊன்றி, முழங்கைகளை ஒடுக்கிக்கொண்டு அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்துவிடுவார். நான் அவர் காலரை இரண்டு கையாலும் பிடித்து இழு இழு என்று இழுப்பேன். இரண்டு நிமிடத்தில் என் முன்கை மரத்துப்போகும். அப்புறம் அவர் நிதானமாக ஒரு காலை ஊன்றுவார், இன்னொரு காலை ஊன்றுவார், எழுந்து நிற்பார். நான் பலாமரத்தில் பழம் தொங்குவதுபோல் அவர் இடுப்பில் தொங்குவேன். ஒரு உதறு. கணுக்கால் விட்டுவிடும். அடுத்த நொடி அவர் என் பக்கவாட்டில்.

ஒருநாள் கோச் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "கையால இழுக்காதே. காலரைச் சும்மா பிடிச்சிக்கோ. முழங்காலை உன் காதுக்குக் கொண்டுவா" என்றார். செய்து பார்த்தேன். தொடைகள் அவர் இடுப்பைப் பின்னாலிருந்து என் பக்கம் தள்ளின, காலர் அப்படியே பிடியில் இருந்தது. ஊன்றியிருந்த அவர் கைகள் மடங்கின, நெற்றி என் நெஞ்சில் வந்து முட்டியது. கபடிக்காரர் ஆச்சரியப்பட்டதைவிட நான்தான் அதிகம் ஆச்சரியப்பட்டேன். குளோஸ்டு கார்டில் கட்டுப்பாடு என்பது இந்த ஒரு விஷயம்தான்: அவன் தலை அவன் இடுப்புக்கு நேர் மேலே இருக்கக் கூடாது. நிமிர்ந்த முதுகை மடக்காமல் எந்தத் தாக்குதலையும் தொடங்கினால் அது விண்ணப்பம், தாக்குதல் இல்லை.

முதுகை மடக்கியபின் அடுத்த வேலை, இடுப்பை ஒரு பக்கம் நகர்த்திக் கோணம் எடுப்பது. நேருக்கு நேர் கிடந்தால் அவன் எடை முழுக்க உன்மேல். அவன் கையை உன் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி இழுத்துப் போட்டு, காலை அவன் இடுப்பில் ஊன்றி, பக்கவாட்டில் திரும்பினால் முழங்கையை நீட்டி முறிக்கும் ஆர்ம்பார் திறக்கும். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்று ஆகிவிட்டால், கால்களால் கழுத்தை நெரிக்கும் டிரையாங்கிள். அதிலும் கோணம்தான் எல்லாம்: அவன் மூக்கைப் பார்த்தபடி இறுக்கினால் உனக்குத்தான் தொடை வலிக்கும், அவன் காது உன் கண்ணுக்கு நேரே வரும்படி திரும்பி இறுக்கினால் பாதி பலத்திலேயே தட்டுவான்.

எனக்குப் பிடித்தது ஒரு மூன்று முனைக் கண்ணி. அவன் பின்னால் சாய்ந்து நிமிரும்போது, நீயும் கூடவே எழுந்து உட்கார்ந்து இடுப்பால் முட்டிப் புரட்டப் பார்க்கிறாய். விழாமலிருக்க அவன் ஒரு கையைத் தரையில் ஊன்றுகிறான். ஊன்றிய அந்தக் கைக்குத்தான் கிமுரா, தோளை முறுக்கும் பூட்டு. அதைக் காப்பாற்ற அவன் தலையைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் வருகிறான். கழுத்து உன் அக்குளுக்குள், கையால் நெரித்தால் அது கில்லட்டின். ஒன்றிலிருந்து தப்பிக்கும் வழியே அடுத்ததற்கு வாசல். கிமுரா என்ற பெயரே ஒரு தோல்விக்குக் கொடுத்த மரியாதை. 1951இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா, இந்த ஆட்டத்தை வளர்த்த குடும்பத்தைச் சேர்ந்த எலியோ கிரேசியின் கையை அந்தப் பிடியில் உடைத்தார். தோற்ற குடும்பமே அந்தப் பிடிக்கு ஜெயித்தவரின் பெயரை வைத்துக்கொண்டது.

கீழே கிடந்தே ஜெயிக்கலாம் என்று உலகம் நம்பத் தொடங்கியதும் இந்த நிலையை வைத்துத்தான். 1994 டிசம்பரில், எல்லாப் பாணிச் சண்டைக்காரர்களும் மோதும் யுஎஃப்சியின் நான்காவது போட்டி இறுதியில், எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி தன்னைவிட 30 கிலோவுக்கு மேல் கனமான மல்யுத்த வீரர் டான் செவர்னுக்கு அடியில் 15 நிமிடம் கிடந்தார். கிடந்துவிட்டு, டிரையாங்கிளில் முடித்தார். ராய்ஸ் என்று எழுதுகிறோம். பிரேசில் போர்த்துகீசிய உச்சரிப்பில் அது ஹோய்ஸ். அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது முடிவைவிட அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கவனியுங்கள். அவ்வளவு கனம் மேலே கிடந்தும் கால்களை விட்டுக்கொடுக்காமல் காத்திருக்கிறார்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் எல்லாரும் குளோஸ்டு கார்டே போதும் என்று இருக்கலாமே? இங்கேதான் என் இரண்டாவது கேள்வி. குளோஸ்டு கார்டு உடைந்தால் எங்கே விழுவாய்? எதிராளி எழுந்து நின்று உன் கணுக்காலைப் பிரித்துவிட்டால் நீ திறந்த கார்டில் கிடக்கிறாய், கையில் பிடி இல்லாமல், காலுக்கு வேலை தெரியாமல். ஆறு மாதப் பிள்ளைக்கு அது நடுக்கிணறு. அவன் எழும் நொடியிலேயே இரண்டு குதிகாலையும் பிடித்து, முழங்காலை ஒடுக்கி, இடுப்பை அவன் தொடைக்குள் தள்ளினால் அவன் பின்னால் உட்காருவான். இந்த ஒரு பதிலையாவது குளோஸ்டு கார்டோடு சேர்த்தே கற்க வேண்டும். பலர் கற்பதில்லை. நானும் கற்கவில்லை.

இன்னொன்று, கால் நீளம். எனக்குக் கபடிக்காரரைச் சுற்றிக் கணுக்காலைப் பின்னினாலே தொடை நடுங்கும், கோணம் எடுக்க மிச்சம் எதுவும் இருக்காது. ஓசூர்த் தம்பி ஆறடி. அவன் கால் என்னை ஒன்றரைச் சுற்று சுற்றும். இந்த நிலையின் பெரிய பெயர்களில் ஒருவரான ராஜர் கிரேசியும் ஆறடிக்கு மேல் உயரம் என்பது தற்செயல் இல்லை.

அடுத்து ஹாஃப் கார்டு. இதற்குத்தான் நான் கட்சி கட்டப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எதிராளியின் ஒரு கால் மட்டும் உன் இரண்டு கால்களுக்கு நடுவே சிக்கியிருக்கிறது. அவனுக்கு இது பாதி பாஸ் ஆன நிலை, உனக்குப் பாதி காப்பாற்றிய நிலை. ரொம்ப நாள் இதைத் தோல்விக்கு முந்தைய ஸ்டேஷன் என்றுதான் நினைத்தார்கள். 1990களில் ரியோவில் ராபர்ட்டோ கொஹேயா என்பவர் முழங்கால் அடிபட்டு, முழுக் கார்டு விளையாட முடியாமல், வேறு வழியின்றி இந்த நிலையிலேயே கிடந்து அதிலிருந்து ஸ்வீப்களை உருவாக்கினார். கோர்டோ என்பது அவருடைய பட்டப்பெயர், குண்டன் என்று பொருள். முழங்கால் போனவன் கண்டுபிடித்த கார்டு என்று கேள்விப்பட்ட அன்றே எனக்கு அதன்மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

இதில் செய்யக்கூடாத ஒன்று, மல்லாந்து கிடப்பது. முதுகு முழுசாகத் தரையில் பட்டால் மேலே இருப்பவன் உன் தலைக்கு அடியில் கையைச் சுற்றி, தோளால் தாடையைத் திருப்பிவிடுவான். கிராஸ்ஃபேஸ் என்பார்கள். தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் உடம்பு போகும், அதனால் நீ அவனுக்கு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு கிடப்பாய், ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே எப்போதும் ஒருக்களித்து, அவனைப் பார்த்தபடி. மேல் முழங்காலை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டால் அது கேடயம். நெருங்க விடாது. அந்தக் கேடயத்துக்குப் பின்னால் மூச்சு வாங்கலாம், யோசிக்கலாம். நாற்பது வயதில் யோசிக்க இடம் கொடுக்கும் நிலைக்கு மதிப்பு அதிகம்.

அப்புறம் அண்டர்ஹுக். சிக்கிய கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்க அக்குளுக்குள் உன் மேல் கை போக வேண்டும், உள்ளங்கை அவன் முதுகில் பட வேண்டும். இந்த ஒரு கைக்காகத்தான் ஹாஃப் கார்டின் முழுச் சண்டையும். அது கிடைத்தால் நீ தலையை அவன் விலாவில் ஒட்டிக்கொண்டு முழங்கைமேல் எழுந்து, அப்படியே முழங்காலுக்கு வந்துவிடலாம். அவன் தடுக்காவிட்டால் முதுகுக்குப் பின்னால் போய்விடுவாய். முதுகைப் பிடித்து இரண்டு கால் கொக்கியும் போட்டால் 4 புள்ளி. அவன் உன் அண்டர்ஹுக்கைத் தன் கையால் மேலிருந்து இறுக்கித் தடுத்தால், அவன் எடை உன் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். அதே பக்கம் அவனை உருட்டிவிடலாம். தூரத்து முழங்காலைப் பிடித்து முன்னால் ஓட்டினாலும் உட்காருவான்.

அண்டர்ஹுக்கைப் பிடித்துக்கொண்டு தலையைத் தாழ்த்திச் சோம்பேறியாகக் கிடந்தால் மட்டும் டார்ஸ் சோக் என்ற கழுத்து நெரிப்பு வரும். கை கழுத்தைச் சுற்றி எப்படி வந்தது என்றே தெரியாது. எனக்கு ஒரே மாதத்தில் ஐந்து முறை வந்தது. ஐந்தும் அக்கா போட்டதுதான். "தலைய நிமித்து தலைய நிமித்துன்னு எத்தன தடவ சொல்றது" என்று தட்டிய பிறகு திட்டு வேறு.

இப்போது அந்த இரண்டாவது கேள்வியை ஹாஃப் கார்டிடம் கேட்டுப் பாருங்கள். உடைந்தால் எங்கே விழுவாய்? நேரே பக்கவாட்டு அமுக்கலுக்குள். இடையில் வேறு நிலையம் இல்லை. கேட்க மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: மற்ற கார்டுகள் உடையும்போது எங்கே போய் விழுகின்றன? குளோஸ்டு கார்டு திறந்து, அவன் முழங்காலை நடுவில் நுழைத்து வெட்டிக்கொண்டு வந்தால், நீ கடைசி நேரத்தில் அவன் காலைப் பிடித்துக்கொள்வது ஹாஃப் கார்டில். பட்டர்ஃபிளையில் பின்னால் தள்ளப்பட்டாலும் பெரும்பாலும் அங்கேதான். பக்கவாட்டு அமுக்கலிலிருந்து தப்பித்து வரும்போது முதலில் கைக்குக் கிடைப்பதும் அதுவே. நீ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாரத்துக்கு நாலு தடவை அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும். எப்படியும் இறங்கப்போகிற ஊரில் ஒரு வீடு வாடகைக்கு எடுத்துவைத்துக்கொள்வது நல்லதுதானே.

பட்டர்ஃபிளை கார்டு எனக்குப் பிடிக்கும், எனக்கு வராது. எதிராளி முழங்காலில் இருக்கிறான், நீ உட்கார்ந்திருக்கிறாய், இரண்டு பாதமும் அவன் தொடைகளுக்கு உள்பக்கம் கொக்கிபோல். ஒரு கை அவன் அக்குளுக்குள், நெற்றி அவன் தாடைக்கு அடியில். பின்னால் விழாமல், அந்தக் கைக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, அக்குளுக்குள் கை போன பக்கத்துக் கொக்கியால் தூக்கினால் கனமான ஆளும் காற்றில் போவான். குட்டைக்காலுக்கு ஏற்றது. கி (தடித்த பயிற்சி உடை) போட்டாலும் போடாவிட்டாலும் ஒரே மாதிரி வேலை செய்யும். கி இல்லாமல் நடக்கும் ஏடிசிசி போட்டியில் 77 கிலோ பிரிவை நான்கு முறை வென்ற மார்செலோ கார்சியா இதையும், இதிலிருந்து கிளைத்த எக்ஸ் கார்டையும் வைத்துத் தன்னைவிடப் பெரியவர்களையெல்லாம் தூக்கியிருக்கிறார்.

சிக்கல், இது நேரத்தின் ஆட்டம். அவன் எடை முன்னால் வரும் அந்த அரை நொடியில் தூக்க வேண்டும். தவறினால் அவன் உன்னைப் பின்னால் தள்ளி, கொக்கிகளைத் தன் எடையால் தரையோடு அமுக்கிவிடுவான். எதிராளி எழுந்து நின்றுவிட்டால் பட்டர்ஃபிளை பட்டர்ஃபிளையாக இருக்காது. எக்ஸ் கார்டு, ஒற்றைக்கால் எக்ஸ் என்று அடுத்த பாடத்துக்குப் போக வேண்டும். ஹாஃப் கார்டில் அண்டர்ஹுக் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் கையின் வேலை ஒன்றுதான். அதனால் இதை இரண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

டி லா ரிவா, ஸ்பைடர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், தம்பிக்குக் கோபம் வந்தாலும். யூட்யூபில் அவன் பார்த்து மயங்கியது இவற்றைத்தான். நிற்பவனின் முன்காலை வெளிப்பக்கமிருந்து உன் காலால் சுற்றிக் கொக்கிபோட்டு, அவன் குதிகாலையும் கைச்சட்டையையும் (கியின் கைப்பகுதி) பிடிப்பது டி லா ரிவா. கார்ல்சன் கிரேசியின் மாணவர் ரிக்கார்டோ டி லா ரிவா 1980களில் புகழ்பெறச் செய்தது. அதிலிருந்து தலைகீழாகச் சுழன்று முதுகைப் பிடிக்கும் பெரிம்போலோவைப் பார்த்தால் எனக்கும் கை பரபரக்கும். ஆனால் கொக்கிபோட்ட கால், எதிராளி முழங்காலை உள்பக்கம் திருப்பும்போது முறுக்கில் மாட்டும். எப்போது விட வேண்டும் என்று தெரியாத ஆறு மாதக்காரர்கள் விடமாட்டார்கள். என் இடது முழங்கால் போனது அப்படித்தான். எதிராளிமேல் தப்பில்லை, அவர் மெதுவாகத்தான் திரும்பினார், நான்தான் வீராப்பாகக் கொக்கியை விடவில்லை. ஒரு 'டக்'. மூன்று மாதம் மாடிப்படி ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

ஸ்பைடர் கார்டு என்பது இரண்டு கைச்சட்டையையும் விரலால் பிடித்து, பாதங்களை அவன் புஜத்தில் ஊன்றுவது. தூரத்தில் நிறுத்திவைக்க அருமையான கருவி. விலை விரல் மூட்டு. திங்கட்கிழமை காலை டைப் அடிக்க வேண்டியவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கைச்சட்டை இல்லாவிட்டால் இந்தக் கார்டே இல்லை என்பது இன்னொரு விஷயம். பெங்களூரில் ஜூன் தொடங்கினால் பால்கனியில் போட்ட கி இரண்டு நாளாகியும் காயாது, ஈர நாற்றத்தோடு வருவதைவிட நோ-கி வகுப்புக்குப் போகலாம் என்று பாதிப் பேர் மாறிவிடுவார்கள். அந்த நாலைந்து மாதமும் ஸ்பைடருக்கு விடுமுறை. குளோஸ்டு கார்டும் நோ-கியில் ஒரு படி இறங்கும், காலர் கிடையாது, வியர்வையில் கை வழுக்கும். கழுத்தின் பின்புறத்தையும் மணிக்கட்டையும் பிடித்து முதுகை மடக்க வேண்டியிருக்கும். ஹாஃப் கார்டுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். அக்குள் எப்போதும் அதே இடத்தில் இருக்கிறது.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு வேறு. சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதியில் பெரியவர்களின் வெள்ளை பெல்ட் ஆட்டம் 5 நிமிடம்தான். நீ தானாக உட்கார்ந்து கார்டுக்கு இழுத்தால் அவனுக்குப் புள்ளி கிடையாது. ஆனால் வெள்ளை பெல்ட்காரர் குதித்துத் தொற்றிக் குளோஸ்டு கார்டு போடக் கூடாது, முழங்கால்கள் தப்பிக்க வேண்டுமே. ஏடிசிசி விதியில் புள்ளி எண்ணும் பகுதியில் கார்டுக்கு இழுத்தால் ஒரு புள்ளி கழியும். ஐந்து நிமிட ஆட்டத்தில் ஒரு ஸ்வீப் அடித்து மேலேயே இருந்துவிட்டால் 2-0. புதியவர்களின் ஆட்டங்களில் நிறைய இப்படித்தான் முடிகின்றன. அந்தக் கண்ணோட்டத்தில் ஸ்வீப்புக்கும் முதுகுக்கும் போகும் ஹாஃப் கார்டுக்கு ஒரு மதிப்பெண் கூடும். தெருவில் தற்காப்புக்கு என்று கேட்டால் பதில் மாறும். குத்து விழும் இடத்தில் அவனை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொள்ளும் குளோஸ்டு கார்டு மேல். ஓடிவிடுவது அதைவிட மேல்.

அக்காவிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக்காட்டியபோது ஒரு ஆட்சேபம் சொன்னார், அது நியாயமானது. "55 கிலோ உடம்ப வச்சுக்கிட்டு 85 கிலோ ஆம்பளைங்ககூட உருளுறவளுக்கு நீ சொல்ற ஹாஃப் கார்டு நெஞ்செலும்பு நொறுங்குற இடம். எனக்குத் தூரம் வேணும்" என்றார். உண்மைதான். அண்டர்ஹுக் சண்டை மார்போடு மார்பு நடக்கும் சண்டை, அதில் எடை பேசும். அவர் ஹாஃப் கார்டில் அண்டர்ஹுக்கைத் தேடுவதே இல்லை. முழங்கால் கேடயத்தை மட்டும் வைத்துக்கொண்டு கைச்சட்டையைப் பிடித்துத் தள்ளித் தள்ளி, எதிராளி எரிச்சலில் கையை நீட்டும்போது கிமுரா பிடிக்கிறார். அதே கார்டுதான், வேறு குடித்தனம். கனம் குறைந்தவர்கள் அவர் வழியை எடுத்துக்கொள்ளுங்கள், என் வழியை விட்டுவிடுங்கள்.

ஆக என் முடிவு. முப்பதைத் தாண்டியவர், நாற்காலி வேலை, கால் நீளம் சாதாரணம், வாரத்துக்கு மூன்று நாள் என்றால் அடுத்த ஆறு மாதமும் ஹாஃப் கார்டு, கேடயமும் அண்டர்ஹுக்கும் மட்டும். வேறெதுவும் திறக்க வேண்டாம். ஓசூர்த் தம்பிபோல் 22 வயது, ஆறடி, நீண்ட கால் என்றால் குளோஸ்டு கார்டு. ஆனால் எழுந்து நிற்பவனுக்கான பதிலும், ஹாஃப் கார்டில் கிராஸ்ஃபேஸைத் தடுக்கும் கையும் கூடவே. டி லா ரிவாவுக்கு நீல பெல்ட் வரட்டும். ஆறு மாதம் முடிந்து, விழும்போதெல்லாம் எங்கே விழுகிறோம் என்பது கண்ணை மூடிக்கொண்டே தெரிந்தால் அடுத்ததைப் பார்க்கலாம். தெரியாவிட்டால் இன்னொரு ஆறு மாதம்.

தம்பியிடம் நேற்று இதைச் சொன்னேன். "பெரிம்போலோ கூடாதா அண்ணா?" என்றான் முகம் வாடி. பிறகு சுற்று தொடங்கியது. அவனைக் கீழே போட்டு, ஒரு காலை மட்டும் உள்ளே கொடுத்து, கிராஸ்ஃபேஸையும் நானே எடுத்துக்கொண்டு, "இங்கிருந்து வெளியே வா" என்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு முறை முழங்காலை நுழைத்து என்னைத் தள்ளினான். மணி அடித்ததும் எழுந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ அதே எடத்துலேந்து" என்றான்.